சுல்தான் தண்ணீர் குடித்த இடம்

டன்மோர் கவுண்டியின் சரித்திரம் முழுவதும் சாலையோரக் கம்பங்களில் நிற்கிறது. காரை விட்டு இறங்காமலே படித்து முடிக்கலாம். இறங்கிப் படிக்கும்படி அதில் ஒன்றும் இல்லை. டயர் கடைக்கு எதிரே ஒரு பலகை, இங்கே பிறந்தவர் துணை கவர்னர் ஆனார் என்கிறது. ஆன பிறகு அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்பதை அது சொல்லாது. பாப்டிஸ்ட் சர்ச் பக்கத்தில் இன்னொன்று: உள்நாட்டுப் போரில் ஜெனரல் ஹார்கிரோவின் தெற்குப் படை இவ்விடத்தில் இளைப்பாறியது. அடி வாங்கி ஓடுகிறவன் மூச்சு வாங்க நின்றால் அதற்குப் பெயர் இளைப்பாறுதலாம். அந்த ஜெனரலின் சுல்தான் என்ற குதிரை ஓடையில் தண்ணீர் குடித்ததற்கும் ஒரு பலகை உண்டு. முதல் வரியிலேயே குதிரையின் பெயர், பெரிய எழுத்தில்.

அந்தப் பலகை நிற்பது வெர்னா ஸ்டால்கப்பின் ஓடையோர வேலிக்குள். சாலையை அகலப்படுத்தியபோது அதற்கு வேறு போக்கிடம் இல்லை. உன் நிலத்தில் நட்டுக்கொள்கிறோம், வேண்டாம் என்று சொல்லும் நாளில் எடுத்துவிடுகிறோம் என்று வரலாற்றுச் சங்கத்தார் வந்து கேட்டார்கள். போனால் போகிறதென்று சரி என்றாள்.

வெர்னாவுக்கு அறுபது வயது. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். முதல் கணவன் செத்தான், இரண்டாமவனை அவளே துரத்திவிட்டு அப்பாவின் பெயரைத் திரும்ப வைத்துக்கொண்டாள். பலகையைப் படம் பிடிக்க வருகிறவர்கள், குதிரையை எங்கே புதைத்தார்கள் என்று கேட்பார்கள்.

"ஜெனரல் வயித்துல," என்பாள். "பசி வந்தா அந்தாளு எதை விட்டான்?"

அவளுடைய அப்பா ஆர்வல், காட்டர் அணை கட்டும்போது சாரம் சரிந்து செத்த ஐந்து பேரில் ஒருவர். வெர்னா அப்போது தாயின் வயிற்றில் இருந்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு தகரச் சாப்பாட்டுத் தூக்கு மட்டும்தான். அணைக்கு அறுபதாம் ஆண்டு என்று பலகை வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டதும், நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடும் வரலாற்றுச் சங்கத்துக்குப் போனாள். அப்பாவின் பெயர் ஒருமுறையாவது வெளியே தெரிய வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

சங்கத் தலைவர் பல் டாக்டர் பெல்ஹாம். பலகையில் வரப்போகும் வாசகத்தை எழுந்து நின்று படித்தார். பொறியாளரின் பெயர், செனட்டரின் பெயர், கொட்டிய சிமெண்ட் இத்தனை டன்.

"செத்த அஞ்சு பேரு எங்க டாக்டர்?"

"'தொழிலாளர் பலரின் உழைப்பால்'னு வருதே மிஸ் வெர்னா. அதுலயே எல்லாரும் வந்துடறாங்க."

"பேரு எங்கன்னு கேட்டேன்."

"இடம் இல்லியேம்மா. பலகையோட அளவு அப்படி."

"சிமெண்ட் கணக்குக்கு இடம் இருக்கு?"

"அது வரலாறு." பல்லைப் பிடுங்குமுன் சிரிக்கும் சிரிப்பை அவர் சிரித்தார். "நீங்க சொல்றது குடும்ப விஷயம்."

வெர்னா எழுந்துவிட்டாள். குதிரை தண்ணீர் குடித்தது வரலாறு, மனிதன் விழுந்து செத்தது குடும்ப விஷயம். கதவருகே போய்த் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க குதிரையை எங்க வேலியிலேருந்து அவுத்துட்டுப் போங்க."

சங்கம் ஆடிப்போய்விட்டது. காரணம் உண்டு. ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தப் பலகையடியில் சுல்தான் நாள் நடக்கும். மேயர், நீதிபதி, வங்கி மேலாளர் எல்லாரும் வரிசையில் நின்று, குதிரையின் நினைவாக ஓடைத் தண்ணீரில் ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள். மேலே மாட்டுப் பண்ணை இருப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் குடிப்பார்கள். எதிர்க்கரையை ஒஹையோக்காரன் ஒருவன் வாங்கியிருந்தான், ஜெனரலை அடித்து விரட்டிய வடக்கத்திப் பக்கத்தவன். பலகைக்கு இடம் கேட்டு அவனிடம் போய் நிற்க இவர்களுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

ஆகவே பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வெர்னா வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள்.

"சுல்தான் நம்ம கவுண்டியோட கௌரவம், மிஸ் வெர்னா," என்றார் பெல்ஹாம். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. ஐந்து மனிதர்களுக்காக அந்தத் தொண்டை அடைத்ததில்லை.

"இருக்கட்டுமே. கூட எங்கப்பாவும், அந்த நாலு பேரும் இருந்துட்டுப் போகட்டும்."

ஒரே வாரத்தில் இடம் கிடைத்தது. சிமெண்ட் கணக்கு போயிற்று. பலகையின் அளவு ஒரு விரல்கூடப் பெருகவில்லை.

திறப்பு விழாவில் பெல்ஹாம் துணியை இழுத்துவிட்டு, இந்த ஐவரையும் டன்மோர் என்றைக்கும் மறந்ததில்லை என்று கூசாமல் பேசினார். வெர்னா அதைக் காதில் வாங்கவில்லை. ஆர்வல் ஸ்டால்கப் என்ற எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்து, எல்லார் முன்னாலும் அழுதாள்.

அந்த அக்டோபரில் பெரிய மனிதர்கள் தங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, வெர்னா அப்பாவின் தூக்கில் கிணற்றுத் தண்ணீர் எடுத்து வந்தாள். குதிரைப் பலகையின் அடியில் மெதுவாக ஊற்றினாள்.

"இது நல்ல தண்ணி, குடிடா ராசா," என்றாள். "இந்த ஊர்ல எங்கப்பாவுக்குன்னு பேச ஒரு ஆளு இல்ல. நீதான் இருந்த."