விரல் தொட்ட கழுகுக் காசு

2009ஆம் ஆண்டு, இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை. லண்டன் நகரின் நடுவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பழைய நாணயச் சந்தை நடந்தது. நானும் என் கணவரும் லண்டனின் ஓரத்தில் நாங்கள் குடியிருந்த செவன் கிங்ஸிலிருந்து ரயில் ஏறிப் போனோம். வாங்க அல்ல, விற்க.

லண்டனுக்கு வருமுன் நாங்கள் பின்லாந்தில் இருந்தோம். அங்கேதான் அவருக்கு இந்தக் காசு சேர்க்கும் பைத்தியம் பிடித்தது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அடித்த வெள்ளிக் காசுகள். ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு. மறுபக்கம் இலை வளையத்துக்குள் 'மார்க்கா' என்று பின்லாந்து மொழியில் காசின் பெயர். சக்கரவர்த்தியின் கழுகோடு அந்தச் சின்னச் சனத்தின் மொழியும் காசில் ஏறியிருக்கிறதே என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். தொட மட்டும் விடமாட்டார். வியர்வை பட்டால் வெள்ளி கெட்டுவிடுமாம். அவரும் விளிம்பில்தான் பிடிப்பார்.

பிறகு நீரிழிவு அவருடைய இரண்டு கண்களையும் கொண்டுபோனது. காசுப் பெட்டி அலுமாரிக்குள் போனது. ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், "இஞ்சேரும், அதுகளைக் குடுத்துவிடுவம். பாக்கேலாத எனக்கு ஏன்?" என்றார். நான் அலுமாரியைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்தேன்.

சந்தையில் ஒரு மேசைக்குப் பின்னால் வியாபாரியாக ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் இருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. இவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டார். "எனக்குக் கண் தெரியாது" என்றார் என் கணவர்.

"அப்படியென்றால் தொட்டுப் பாருங்கள்."

என் கணவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பெண்மணி சிரித்தார். சந்தையிலும் படகுத்துறையிலும் எத்தனையோ கை பட்டுத் தேய்ந்த காசுகள், உங்கள் விரலால் இனி என்ன ஆகிவிடும் என்று சொல்லி, ஒன்றை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

அவருடைய பெருவிரல் மெல்ல ஊர்ந்தது. "இஞ்ச ஒரு தலை... இஞ்ச மற்றத் தலை" என்று முணுமுணுத்தார். காசைத் திருப்பி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினார். அடுத்தது, அதற்கடுத்தது. எங்களுக்குப் பின்னால் காத்து நின்றவர்களை மறந்து அந்தப் பெண்மணியும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு காசில் விரல் நின்றுவிட்டது. கழுகின் கிரீடத்துக்கு மேலே ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். "இதில ஏதோ முட்டுது. நீரும் தொட்டுப் பாரும்."

நான் தொட்டேன். ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்மணி பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். யாரோ கழுத்தில் அணிய அதில் துளையிட்டிருக்கிறார்கள், பிறகு யாரோ வெள்ளியால் துளையை அடைத்து மறைத்திருக்கிறார்கள் என்றார். நீங்கள் சொல்லியிராவிட்டால் நானே கவனித்திருக்கமாட்டேன் என்றும் சொன்னார்.

"அப்ப இது ஆரோ ஒருத்தியின்ர கழுத்தில கிடந்த காசு! இவ்வளவு காலம் என்னட்ட இருந்தும் எனக்குத் தெரியேல்லையே!" என் கணவர் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. பனி கொட்டும் நாட்டில், நம் காசுமாலை போல அதைக் கழுத்தில் போட்டுக்கொண்ட அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்தேன்.

அந்தப் பெண்மணி பெட்டியை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். "இன்றைக்கு வேண்டாம். நீங்கள் இன்னும் பார்த்து முடிக்கவில்லை."

கண் போன என் கணவருக்கு இந்த உலகத்தில் இனி ஒன்றுமில்லை என்று நானும் உள்ளுக்குள் நம்பித்தான் அன்று புறப்பட்டேன்; அதனால்தான், எந்த மனிதரைப் பற்றியும் அப்படி முடிவுகட்ட இன்றுவரை எனக்குத் துணிவு வருவதில்லை.