அச்சில் அகப்படாத அர்த்தம்

வின்னி ஹார்க்ரீவ்ஸ் பேசும்போது உதட்டை நெளித்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் முகத்தாலேயே செய்துகாட்டுவாள். பர்ன்லி நெசவாலையில் பதினாறு வருடம் இருந்தவள். நானூறு தறிகள் ஒன்றாய் ஓடும் இடத்தில் பேச்சு காதுக்கு எட்டாது. உதட்டைத்தான் படிக்க வேண்டும். கல்யாணமாகி மான்செஸ்டருக்கு வந்து, அகராதி அலுவலகத்தில், ஒவ்வொரு அர்த்தத்துக்கும் அச்சில் வந்த சான்றை எழுதிய துண்டுச்சீட்டுகளை அடுக்கும் வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த மாதம் 'செட் ஆன்' என்ற வினைச்சொல் அவள் மேசைக்கு வந்தது. நாயை ஏவிவிட்டால் செட் ஆன். ஒன்றின் மேல் மனத்தை வைத்தாலும் அதுவே. ஆலையில் புது ஆளை எடுத்தாலும் அதுவே. எல்லாவற்றுக்கும் சீட்டு இருந்தது. தறியை ஓடவிடுவதையும் ஆலையில் செட் ஆன் என்பார்கள்; அதற்கு மட்டும் சீட்டு இல்லை. நாளுக்கு நூறு தடவை அவள் செய்த காரியம் அது!

"எங்கயாவது அச்சுல வந்திருக்கணும், மிசஸ் ஹார்க்ரீவ்ஸ். வருஷமும் வேணும். பார்க்கலாம்," என்றார் ஆசிரியர் பெல்லாமி.

பிறகு கண்ணாடி அறைக்குள் போய் அச்சகத்துக்கு ஃபோன் போட்டார். வெளியிலிருந்து வின்னி அவர் உதட்டைப் படித்தாள்: 'திங்கட்கிழமை பக்கத்தை முடிச்சிடுங்க. தறி வேணாம், தூக்கிடுங்க.'

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரே ஆயுள் முழுக்கச் சொன்ன சொல், இருந்த தடமே இல்லாமல் போய்விடுமே. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பர்ன்லி போனாள்.

"யாருடி அது, மான்செஸ்டர் மகாராணியா?" பழைய கூட்டாளி டாலியின் உதடு தறிகளுக்கு மேலாகக் கேட்டது.

வின்னியும் உதட்டாலேயே விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா பஸ் ஏறி வந்த? ஊர்ப் பத்திரிகைக்கு நீயே ஒரு கடுதாசி எழுது. அச்சுல வந்துரும்."

"அது திருட்டுத்தனம்டி."

"அடேங்கப்பா, அகராதிக்காரி!"

அங்கே ரகசியம் என்று ஒன்று கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எல்லோரும் பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். கூலிச் சீட்டைப் பார் என்றாள் ஒருத்தி. கூடத்தின் மறுகோடியிலிருந்து பெட்டி என்ற இன்னொரு நெசவுக்காரி கையை ஆட்டினாள்.

"உன் தலைக்கு மேல பாருடி, கழுதை!"

சுவரில் பஞ்சுத் தூசி அப்பிய ஒரு தகரப் பலகை. டாலி ஏப்ரனால் துடைத்தாள். 'செட் ஆன் செய்யுமுன் உள்ளே யார் கையும் இல்லை என்று பார்க்கவும்.' அடியில் அச்சகத்தின் பெயர், 1911.

"பதினாறு வருஷம் இதுக்குக் கீழதான நின்ன?" என்றாள் டாலி.

"எல்லாரும் உன் வாயத்தான்டி பார்த்துக்கிட்டு இருந்தோம். சுவரை யார் பார்த்தா?"

மேலாளர் திருகாணியைக் கழற்றிப் பலகையை எடுத்துத் தந்தார். "அதுல என்னதான் எழுதியிருக்கு?" என்று அவரும் கேட்டார்.

திங்கட்கிழமை காலை பெல்லாமியின் மேசையில் அது டமாரென்று விழுந்தது. அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"சீட்டுப் பெட்டியில நுழையாதே இது!"

"வருஷம் இருக்கு சார். அச்சும் இருக்கு."

அவர் அச்சகத்துக்கு ஃபோன் போட்டுப் பக்கத்தை நிறுத்தச் சொன்னார். வெற்றுச் சீட்டு ஒன்றை அவளிடம் நீட்டினார். வின்னி நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.

"எடுத்த இடம், தறிக்கூடச் சுவரா?" என்றார் சீட்டைப் படித்துவிட்டு.

"புஸ்தகம்னு மாத்தட்டுமா சார்?"

"வேணாம், வேணாம். சுவரே இருக்கட்டும்."