வேலிக்குள் காய்ந்த நெல்

பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் என்னைப் பிடித்தது: வன்னி சூடாகிக்கொண்டு வருகிறது! இரணைமடுக் குளக்கட்டருகே இருந்த எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தில், வேலியடைத்த புல்தரையில் ஒரு வெள்ளை மரப்பெட்டி. அதற்குள் இருந்த வெப்பமானியை, குள வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் ஐயா நாள் தவறாமல் வாசித்து எழுதி வந்தார். சில வருடங்களுக்கு முந்திய ஒரு சித்திரைக்குப் பிறகு மாரி, கோடை என்றில்லாமல் பகல் வெப்பம் ஏறியே நின்றது. காடு வெட்டியதன் விளைவுதான் என்று தலைமையகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதிவிட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் தபால் போகும்.

பின்னேரம் பெட்டியைக் கிட்ட நின்று பார்க்கப் போனேன். வேலிப் படலையைத் தாண்டியதும் வெறுங்கால் சுட்டது. பெட்டியை ஒட்டிச் சீமெந்துத் தளம். அதில் அவித்த நெல். ஓவசியர் ஐயாவின் மனைவி காலால் துழாவிக்கொண்டு நின்றார்.

“இது எப்ப போட்டது, அம்மா?”

“பெரியவளின்ர கலியாணத்துக்கு முந்தின மாசம், தம்பி. கட்டு வேலையில மிஞ்சின சீமெந்து. ஆடு, மாடு, கோழி நுழையாத வேலி இது ஒண்டுதானே!”

அந்தக் கலியாண வாரத்தை நான் அறிவேன். பதிவேட்டில் வேறொருவரின் கையெழுத்து இருந்த ஒரே வாரம் அது. வெப்பம் ஏறிய சித்திரைக்கு அடுத்த மாதம். அப்படியென்றால் வெப்பமானி இத்தனை நாளும் வாசித்தது இந்தத் தளத்தின் சூட்டையோ? சொன்னால் என் கண்டுபிடிப்பு போகும். அதைவிட, ஓய்வுக்கு நான்கு மாதமே இருந்த மனிதரின் பெயர் போகும்.

சைக்கிளில் வந்திறங்கிய ஐயாவிடம் மறைக்க முடியவில்லை. அவர் குந்தியிருந்து தளத்தில் உள்ளங்கையை வைத்தார். அவருக்கு விளங்க வெகுநேரம் எடுக்கவில்லை.

“ஒவ்வொரு நாளும் இதில நடக்கிறனான். ஒருக்காவும் யோசிக்கேல்லை.”

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், ஐயா.”

“அப்ப புத்தகம் பொய் சொல்லட்டோ?”

உள்ளே போய், அந்தச் சித்திரைப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்: ‘வேலிக்குள் சீமெந்துத் தளம் போடப்பட்டது.’ கீழே அன்றைய திகதி, கையொப்பம். “இனி நெல்லை உங்கட மொட்டைத் தலையிலதான் காயப்போட வேணும்” என்றார் அம்மா. யாரும் சிரிக்கவில்லை. நான் கடிதத்தைக் கிழித்தேன்.

விசாரணை வந்தது. அவருடைய பென்சன் ஒரு வருடம் இழுபட்டது. இப்போது ஓமந்தையில் மகளோடு இருக்கிறார்.

புதிதாக வந்த பொறியியலாளர் தளத்தை உடைக்கச் சொன்னார். நான் மன்றாடித் தடுத்தேன். தளத்திலிருந்து எட்ட, திறந்த புல்லில் இரண்டாவது பெட்டி நேற்று நட்டாயிற்று. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரு வருடம் முழுக்க வாசிக்கப்போகிறேன். சீமெந்தின் சூடு எவ்வளவென்று தெரிந்தால், சிவப்பு மைப் பக்கத்துக்குப் பிந்திய ஒவ்வொரு நாளிலும் அதைக் கழிக்கலாம். கழித்தபின்னும் ஏற்றம் ஏதாவது மிஞ்சுகிறதா? நாளை காலை முதல் வாசிப்பு.