டிவிடி ரைட்டரும் இருபத்தொன்பதாம் பிறையும்

என்னால் சும்மா இருக்க முடியாது. இது பெருமையல்ல, வியாதி. நான் மௌத்தாகி என்னை வெள்ளைத் துணியால் கபனிட்டு வைத்தாலும் கால் பெருவிரல் ஆடிக்கொண்டுதான் கிடக்கும் என்பாள் என் மனைவி. நோன்பு மாதத்தில் இந்த வியாதி இரட்டிப்பாகும். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக் கடைத்தெரு கண்ணயர்ந்துவிடும். ரேடியோவும் டிவியும் திருத்தும் என் கடைப்பக்கம் ஓர் ஈ கூட எட்டிப் பார்க்காது. தேத்தண்ணி இல்லை, சிகரெட் இல்லை, வாயாட ஆளில்லை. நாக்கு வறண்டு கை துறுதுறுக்க, மாலை அசர் தொழுகை வரைக்கும் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

அந்த வருடம் நான் லேசர் செய்தேன்.

எங்கள் பள்ளிவாசலுக்குப் பின்னால் புதிதாக ஒரு மண்டபம் எழும்பியிருந்தது. தரை வெறும் சீமெந்து. காணி கோணலாக இருந்ததால் சுவர்களும் கோணல். நாங்கள் மக்காவை நோக்கித் தொழும் கிப்லாவின் திசைக்கும் சுவருக்கும் பொருத்தமே இல்லை. சுவரைப் பார்த்துப் பாய் விரித்தால் தொழுகை வரிசை வேறெங்கோ திரும்பி நிற்கும். வரிசை நேராக நிற்பது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. இமாம் திரும்பிப் பார்த்து, தோளோடு தோள் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவார். பெருநாளுக்கு முன் நூல் பிடித்துக் கோடு போட வேண்டும் என்று பள்ளித் தலைவர் மேசனைத் தேடிக்கொண்டிருந்தார். நூலும் வேண்டாம், மேசனும் வேண்டாம், சிவப்பு ஒளியால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரே கோடாக இழுத்துத் தருகிறேன் என்று நான் சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்க்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது.

டவுணில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். தமிழர், மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார். செத்துப்போன டிவிடி ரைட்டர்கள் இரண்டைத் தந்தார். இப்போது யாரும் அவற்றைத் திருத்துவதில்லை, வாங்குவதுமில்லை. நான் ஒன்றின் ஆணிகளைக் கழற்றி, தட்டை இழுத்து, லென்ஸைச் சுமந்தபடி முன்னும் பின்னும் ஓடும் அந்தச் சின்ன வண்டியை வெளியே எடுத்தேன். அதன் வயிற்றுக்குள் அரிசி மணி அளவில் பித்தளைத் தொப்பி போட்ட டயோட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்று டிஸ்க்கை வாசிக்க, மற்றது எழுத என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். முப்பது வருடம் சாமான் திருத்தியவனுக்கு யாரிடமாவது கேட்க வெட்கம். கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

விரலில் இருக்கும் நிலைமின்சாரம் பட்டாலே இந்த டயோட் செத்துவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதனால் முதலில் கால்கள் மூன்றையும் மெல்லிய செப்புக் கம்பியால் சேர்த்துக் கட்டினேன். பிறகு வயரை ஒட்டி, வெப்பம் இறங்க ஒரு அலுமினியத் துண்டில் இறுக்கினேன். மின்னோட்டம் அளவுக்கு மீறாமல் பிடித்து வைக்க ஒரு ஐசி, ஒரு கப்பாசிட்டர், திருகிக் கூட்டிக் குறைக்க ஒரு ரெசிஸ்டர். கரண்டுக்குப் பழைய மடிகணினி பெட்டரியிலிருந்து எடுத்த இரண்டு செல். எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் செப்புக் கம்பியை அவிழ்த்தேன். அவ்வளவு கவனம் எனக்கு. டயோட்டுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதாம்.

வெளிச்சம் வரவில்லை. உற்றுப் பார்த்தால் தொப்பிக்குள் அணையப் போகும் திரி போல மங்கலான சிவப்பு ஒன்று தெரிந்தது. பாதி செத்த டயோட் என்று நினைத்து மின்னோட்டத்தைக் கூட்டினேன். சிவப்பு அப்படியே இருந்தது. எரிச்சல் வந்தது. இன்னும் கூட்டினேன். பிறகு அதை மேசையிலிருந்து எடுத்து, ஊசிக்கு நூல் கோர்க்கிறவன் மாதிரி, வலக்கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

வலிக்கவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. கண்ணுக்குள் ஒரு வெட்டு, பிறகு யாரோ போட்டோ பிடித்த மாதிரி ஒரு புள்ளி. கண்ணைக் கசக்கினேன். அசர் பாங்கு கேட்டது. சுவிட்சை நிறுத்திவிட்டுத் தொழப் போனேன். அது பதினைந்தாம் நோன்பு.

தொழுகை முடிந்து குர்ஆனில் நான் தினமும் ஓதும் ஜுஸுவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் பரவாயில்லை. இடக்கண்ணை மூடினால், பார்க்கிற இடத்தில் எழுத்தின் புள்ளிகள் இல்லை. அரபு எழுத்தில் பே எது, தே எது என்று பிரித்துக் காட்டுகிற அந்தப் புள்ளிகள் பக்கத்து எழுத்தில் இருக்கின்றன. அங்கே பார்வையை நகர்த்தினால் அங்கேயும் இல்லாமல் போகின்றன. நாளைக்குச் சரியாகிவிடும் என்று குர்ஆனை மூடி வைத்தேன்.

நாளைக்கும் சரியாகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அன்றிலிருந்து என் வேலை கண்ணை மூடித் திறப்பதுதான். மோட்டார் சைக்கிளில் போகும்போது இடக்கண்ணை மூடி எதிரே வரும் பஸ்ஸின் நம்பரைப் பார்ப்பேன். விடியுமுன் உண்ணும் ஸஹர் சோற்றில் மீன் முள்ளைப் பார்ப்பேன். கடைக்கு வருகிறவர்களின் மூக்கைப் பார்ப்பேன், மூக்கு இருக்காது. ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்தாலும் மனம் ஆறாது. நூற்றியோராம் தடவை சரியாக இருக்குமோ என்ற நப்பாசை.

டாக்டரிடம் போயிருக்கலாம். கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறிந்துவிடும், பெருநாள் கழியட்டும் என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். கண் மருந்தால் நோன்பு முறியாது என்று மௌலவி பயானில் சொன்னபோது முன்வரிசையில் இருந்து தலையாட்டியவன் நான்தான். உண்மையில் நான் பயந்தது டாக்டருக்கல்ல, மனைவிக்கு. அவளுடைய வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் இரண்டு கண்ணும் போய், அவர் மௌத்தாகும் வரை கையைப் பிடித்து நடத்தியவள் அவள். இன்னொரு கையைப் பிடித்து நடத்தும்படி அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது? அதுவும் விளையாட்டுச் சாமான் செய்யப் போய்க் கெடுத்துக்கொண்ட கண்ணுக்காக.

இருபதாம் நோன்பில் கம்ப்யூட்டர் கடை நண்பருக்கு போன் எடுத்தேன். டயோட் ஒன்று மங்கலாக எரிகிறது, என்ன கோளாறு என்று சாமானைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“காக்கா, அது சீடிக்குரிய டயோட்டா இருக்கும். மற்றதுதான் சிவப்பு. இதிண்ட வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா சுடும். போன் கமராவால பார்த்தா நல்லாத் தெரியும்.” பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “கண்ணால பார்த்தீங்களா?”

கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று சொல்லி போனை வைத்தேன். கடையில் ஒரு குஞ்சும் இல்லை. நோன்பு வாயால் பொய்.

உடனே போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்று அது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே நான் அடுத்த ரைட்டரைக் கழற்றி, அதன் சிவப்பு டயோட்டை எடுத்தேன். கண்ணைக் கொடுத்தாகிவிட்டது, கோட்டையாவது எடுப்போம் என்ற வெறி. இந்தத் தடவை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுவரைப் பார்க்க வைத்துத்தான் கரண்ட் கொடுத்தேன். சுவரில் இரத்தச் சிவப்பாகப் பொட்டு விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குச்சியைக் குறுக்கே வைத்ததும் பொட்டு கோடாக விரிந்தது.

இருபத்திநான்காம் நோன்பில் பள்ளி மண்டபத்தின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, கிப்லாக் கருவியால் திசை பிடித்து, தரையில் அந்தக் கோட்டை விழுத்தினேன். தலைவர் அதன் மேல் சுண்ணாம்புக் கட்டியால் இழுத்துக்கொண்டே போனார். சுற்றி நின்றவர்கள் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். மேசனுக்கே இப்படி நேராக வராது என்றார் ஒருவர். நான் இடக்கண்ணை மூடினேன். நான் பார்த்த இடத்தில் கோடு அறுந்து கிடந்தது. ஆட்கள் என் முதுகில் தட்டினார்கள். எனக்கு ஓடிப்போக வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் பிறையின் நினைவு வந்தது.

எங்கள் ஊரில் பிறை பார்க்க யாரும் கடற்கரைக்குப் போவதில்லை. கடல் கிழக்கில் கிடக்கிறது. பிறை மேற்கில், வயல்வெளிக்கு மேலேதான் வரும். இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, பள்ளித் தலைவரும் ஊராரும் வயல் கரைக்குப் போவார்கள். நோன்புப் பெருநாள் பிறைக்கு இரண்டு பேரின் சாட்சி வேண்டும். சாட்சி கிடைத்தால் கொழும்பிலுள்ள பிறைக் குழுவுக்கு அறிவிப்பார்கள். பல வருடங்களாக அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். தலைமயிர் போன்ற பிறையையும் நான் முதலில் காட்டிவிடுவேன். இடக்கண் எனக்குச் சிறு வயதிலிருந்தே மந்தம். அத்தனையும் வலக்கண்ணின் கெட்டித்தனம். ஊருக்கு அது தெரியாது. என்னிடம் நல்ல கண் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் போனேன். போகாவிட்டால் மனைவி காரணம் கேட்பாள்.

வாய்க்கால் வரம்பில் நின்று பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தோம். மஃரிப் தொழுதுவிட்டு எல்லோரும் மேற்கே திரும்பினோம். அடிவானத்தில் மேகம் கிழிந்து கிழிந்து நின்றது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை திடீரென்று கையை நீட்டினார். அந்தத் தென்னைக்கு மேலே, மேகத்துக்குப் பக்கத்தில், கண்டேன் என்றார். மற்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை. பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் பார்த்தேன். தென்னைக்கு மேலே ஒளிக் கீறல் ஒன்று, வளைந்து, மெல்லியதாக இருந்தது. சந்தோசத்தில் வாயைத் திறந்துவிட்டேன். கண்ணைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். கீறலும் கூடவே நகர்ந்தது. சில நாட்களாக அந்தப் புள்ளியின் ஓரத்தில் இப்படியொரு மினுக்கம் வருகிறது. இது வானத்துப் பிறையா, என் கண்ணின் காயமா? வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தேன். வெறும் மேகம்.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரே நாளைக்குப் பெருநாள் கொண்டாடும். என் கண்ணும் பழையபடி ஊர்க் கண்ணாகிவிடும். ஒருவேளை வட்டவிதானை கண்டது உண்மையாகவும் இருக்கலாம். தலைவர் என் தோளைத் தொட்டு, கண்டீர்களா என்று கேட்டார்.

“என்ட சாட்சி செல்லாது,” என்றேன். “என்ட வலக்கண் பழுதாப் போயிட்டு. ரெண்டு கிழமையா மறைச்சிக்கிட்டு இரிக்கன்.”

தலைவர் வட்டவிதானையிடம் மீண்டும் கேட்டார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மேகம் மூடிக்கொண்டது. கொழும்பிலிருந்தும் பிறை இல்லை என்றே செய்தி வந்தது; முப்பதும் நோற்க வேண்டியதாயிற்று.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மனைவி முன்வாசல் படியில் நின்றாள். உள்ளே கூட்டிப் போய் லைற்றுக்குக் கீழே கதிரையில் இருத்தினாள். எந்தக் கண் என்று கேட்கவில்லை. அதையும் யாரோ சொல்லியிருந்தார்கள். இடக்கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

“ரெண்டு கிழமையா என்னைப் பார்த்துக் கதைச்சீங்களே. என்ட முகம் தெரிஞ்சிச்சா?”

இனிப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

“முந்தானை தெரியிது. காது தெரியிது. நடுவால ஒண்டுமில்ல.”

அவள் கையை எடுக்காமல் குனிந்து கிட்ட வந்தாள். கிட்ட வர வர முகம் பெரிதாகி, புள்ளிக்கு வெளியே ஒரு கண் மட்டும் முழுதாகத் தெரிந்தது. அது அழுதுகொண்டிருந்தது.