அண்ணனிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்காதீர்கள்

எங்கள் பக்கத்தில் ஒருவரை வழியில் பார்த்தால் முதலில் கேட்பது "ஏனுங்க, சாப்ட்டாச்சுங்களா?" என்பதுதான். எதிரில் நிற்பவர் இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் "ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுதான் மரியாதை. என் அண்ணனுக்கு மட்டும் இந்த ஒப்பந்தம் தெரியாது. யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், "இன்னுமில்லீங்க" என்பார். சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். கேட்டவர் என்ன செய்வார், பாவம். வாயைத் திறந்ததற்கு அபராதமாக ஒரு பஜ்ஜியாவது வாங்கித் தருவார்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பிறந்ததிலிருந்தே அறிவு வளர்ச்சி மெதுவாக இருந்தவர். இப்படிப்பட்ட பிள்ளைகள் நெடுநாள் இருக்க மாட்டார்கள் என்று அவர் சிறுவனாக இருந்தபோது ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை நம்பி, இருக்கும் வரை நன்றாகச் சாப்பிடட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். டாக்டர் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. அண்ணன் இருந்தார். அவருக்கும் வயதாகும், சர்க்கரை வரும், இரத்த அழுத்தம் வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பெருமாநல்லூர் சாலையில் நான் ஒரு சிறிய தையல் யூனிட் வைத்திருந்தேன். வெட்டி வரும் துணியை நிறம் பார்த்துப் பிரித்து அடுக்குவது அங்கே அண்ணனின் வேலை. ஒரு நாள் கருநீல உடம்புக்குக் கறுப்புக் கை வைத்த டீ-ஷர்ட்டுகள் வரிசையாக வந்தன. புது டிசைன் என்று சொல்லிப் பார்த்தேன், துணி கொடுத்த கம்பெனிக்காரர் நம்பவில்லை. அண்ணனுக்குக் கண்புரை என்று அப்படித்தான் தெரிந்தது.

கண் டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னிடம் சொன்னார். "ஆபரேஷன் பண்ணுனா நல்லாத் தெரியுங்க. ஆனா சர்க்கரை, பிரஷர் இந்த நெலமையில இருந்தா நான் கத்தி வெக்க முடியாது. ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது, அப்பறம் பார்வையே போயிரும். மூணு மாசத்துல எடையக் கொறச்சுட்டு வாங்க. நடக்க வைங்க, தனியா மட்டும் ரோட்டுல உட்ராதீங்க." பிறகு கண்ணாடிக்கு மேலாக என் வயிற்றைப் பார்த்து, "நீங்களும் கூடவே நடங்க" என்றார். ஒரு சீட்டுக்கு இரண்டு நோயாளிகள்.

என் மனைவி அன்றே ஊத்துக்குளி நெய்யைப் பூட்டி வைத்தாள். ராகிக் களி, கீரை, நேரம் தவறாமல் மாத்திரை. ஒரு மாதம் கழித்து, துணி உருளைகளை எடை போடும் தராசில் அண்ணனை நிறுத்தினோம். முன்பைவிடக் கூடியிருந்தது. தராசு கெட்டுவிட்டது என்று அறிவித்துவிட்டு, நிரூபிக்க நானே ஏறினேன். தராசில் ஒரு கோளாறும் இல்லை என்பது யூனிட்டுக்கே தெரிந்துபோனது.

மர்மம் துலங்கியது இரத்தப் பரிசோதனை நிலையத்தில். வெறும் வயிற்றில் அண்ணனை அழைத்துப் போயிருந்தேன். நர்ஸ் கேட்டார், "சாப்ட்டீங்களா?"

"இன்னுமில்லீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் சரியான இடத்தில் சரியான பதிலைச் சொல்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மொபெட்டை நிழலில் நிறுத்திவிட்டு வந்தேன். அண்ணன் மடியில் நர்ஸின் டிபன் டப்பா. உப்புமா பாதி காலி.

"ஏனுங்க, வெறும் வயித்துல வரச் சொன்னதே நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. ஆனா அவரு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னாருங்க. மனசு கேக்கலீங்க."

மறுநாள் காலை, ஒரே தெருதானே என்று நாங்கள் யூனிட்டுக்குத் தனியாக விட்டுவந்த அண்ணனைப் பின்தொடர்ந்தேன். துப்பறிவாளர்கள் ஏன் ஒல்லியாக இருக்கிறார்கள் என்பது டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் விளங்கிவிட்டது. அந்த டீக்கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கம்.

"ஒத்த வடைதான் அண்ணாச்சி. மனுசன் சாப்பிடலைன்னு நிக்காரு, எப்படிப் பாத்துட்டு இருக்க?"

பேக்கரியில் ஒரே ஒரு தேங்காய் பன். இட்லிக்காரம்மாவிடம் ஒரே ஒரு தட்டு. என் யூனிட்டிலேயே பீகாரிலிருந்து வந்த டெய்லர் ஒருவர் இருந்தார். அவர் தமிழில் கற்றிருந்த ஒரே வாக்கியம் "சாப்டீங்ளா". அதற்கு விலையாக அவர் தினமும் ஒரு சப்பாத்தி இழந்துகொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். வாங்கியவரும் ஒருவரே.

கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு கடையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லோரும் "சரிங்க" என்றார்கள். மறுநாளும் கொடுத்தார்கள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்கண்ணன் இன்னுமில்லீங்கன்னு சொன்னதுக்கப்பறம் குடுக்காம எவனால இருக்க முடியும்? கேக்கறதையே மாத்தச் சொல்லுங்க. நடந்தாச்சுங்களான்னு கேக்கட்டும்."

எனக்கு உடம்பே சிலிர்த்தது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் தெருவுக்கு ஓடினேன். டீக்கடை, பேக்கரி, இட்லிக்காரம்மா என்று எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். பீகார் டெய்லருக்கு நடந்து காட்டியே புதிய வாக்கியத்தைக் கற்பித்தேன்.

மறுநாள் டீக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "நடந்தாச்சாண்ணே?"

அண்ணன் யோசித்தார். "இன்னுமில்லீங்க" என்றார். நின்றார்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, அப்ப கேட்ட நாந்தான் நடக்கணுமோ?"

"வேற வழியே இல்லீங்க."

அவர் வடிகட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பேக்கரி வரை அவர். அங்கிருந்து பேக்கரிக்காரர். அவரிடமிருந்து இட்லிக்காரம்மாவின் வீட்டுக்காரர். அண்ணன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கைமாறிக் கைமாறித் தெருவைச் சுற்றி வந்தார். வடை ஞாபகமே அவருக்கு வரவில்லை, அவ்வளவு கவனிப்பு. அதற்குள் நான் போட்ட டீயைக் குடித்த இருவர் பாதி கிளாசோடு எழுந்து போய்விட்டார்கள்.

ஒரு வாரத்தில் அண்ணன் நடைக்கு அடிமையானார். கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கும் நேரத்தில் தெருமுனையில் நின்று, இறங்குபவரிடமெல்லாம் கையை நீட்டுவார். யாராவது ஒருவர் பிடித்துக்கொள்வார். ஆளே கிடைக்காத நாளில் நான். அவர் இழுக்க, நான் பின்னால், காற்றுப் போன சைக்கிள் மாதிரி.

மூன்றாம் மாதம் எடை பார்த்த அன்று யூனிட்டில் எல்லா மிஷினும் நின்றது. தெருவே தராசைச் சுற்றி நின்றது. டீக்கடைக்காரர் கடையைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணன் செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, வேட்டி முடிச்சிலும் கையை வைத்தபோது நாங்கள் பாய்ந்து தடுத்தோம். முள் ஆடி நின்றது. பேக்கரிக்காரர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "பத்துக் கிலோ எறங்கியிருக்குதுங்க" என்றார். அந்தச் சத்தத்தில் பக்கத்து யூனிட்காரர்கள் ஏதோ விபத்து என்று ஓடி வந்தார்கள். சர்க்கரையும் பிரஷரும் டாக்டர் கேட்ட அளவுக்கு வந்திருந்தன. என் எடையை யாரும் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். நானும் என் மனைவியும் கட்டிலுக்கு எதிரில் நின்றோம். அண்ணன் கண்ணைச் சிமிட்டினார். ஜன்னலைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்து, "பச்சைச் சேலை" என்றார். பச்சையேதான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பி, மேலும் கீழுமாக வெகு நேரம் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க?"

டாக்டர் அவசரமாக டார்ச்சை எடுத்தார். "அண்ணா, நான் தம்பிங்கண்ணா" என்றேன்.

முதலில் அண்ணனின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு படுக்கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டாக்டர் டார்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மனைவி என்னை முறைத்தாள், இந்தக் குறும்பையெல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்பதுபோல. சத்தியமாக இல்லை. அவர் எனக்கு மூத்தவர்.