காவான் மாக்கான் காவான்

இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கூடக் காலை வணக்கத்தைக் கைப்பேசியில்தான் சொல்வார். லைன் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். இருந்தும் விடிந்ததும் செல்வம் அண்ணனிடமிருந்து ஒரு ஸ்டிக்கர் வந்துவிடும். அவர் இந்த மலாய் நாட்டுத் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவர், எங்களை வேலை வாங்கும் கங்காணி. மற்ற ஆட்கள் நேப்பாளிகள், வங்காளிகள். எனக்குத் தமிழில் பேச அவர் ஒருவர்தான்.

திருச்சியில் படித்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் துரோகி மீம்கள்தான் மூன்று வேளையும். எவனுக்காவது வேலை கிடைத்தால் ‘கூட இருந்தே குழி பறிச்சிட்டான்’ என்று படம் போடுவோம். யாரும் கோபித்ததில்லை, திட்டாவிட்டால்தான் வருத்தப்படுவான்கள்.

போன மாதம் ஊரில் எனக்கு மகள் பிறந்தாள். லீவு கேட்டேன். என் பாஸ்போர்ட்டைத் தோட்டத்து ஆபீஸ் பீரோவில்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்கலாம் என்று சொல்லிவந்த ஆபீஸ் கணக்கர் கிராணி, திடீரென்று கிடையாது என்றார். காரணம் கேட்டதற்கு ரிஜிஸ்டரைப் புரட்டினார். அன்று முதல் இந்த மலைக்காற்றிலும் எனக்கு மூச்சு முட்டுகிறது.

ஞாயிறன்று அண்ணன் வீட்டில் கோழிக்குழம்பு. வயிறாரச் சாப்பிட்டு வந்து, நன்றி சொல்ல ஒரு ஸ்டிக்கர் தேடினேன். ‘காவான் மாக்கான் காவான்’ என்று ஒன்று அகப்பட்டது. காவான் என்றால் நண்பன், மாக்கான் என்றால் சாப்பிடுவது. நண்பர்கள் சேர்ந்து சாப்பிடுவது என்று என் அரைகுறை மலாயில் அர்த்தம் பண்ணிக்கொண்டு, தோட்டத்துக் குழுவிலேயே அவர் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

“யாரு தம்பி சொன்னா? கிராணியா?”

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

“எல்லாரும் பாக்கற எடத்துல போட்டுட்டியே லா. ஆமா, நாந்தான் போட்டுக்கொடுத்தேன். ஊருக்குப் போனா திரும்ப வரமாட்டேன்னு எங்கிட்ட சொன்னல்ல, அதை. ஏற்கெனவே ரெண்டு பேரு ஓடிட்டானுங்க. நீயும் போனா மேனேஜர் என்னையத்தான் கேப்பாரு.”

நண்பனையே நண்பன் தின்பது, அதாவது கூட இருந்தே குழி பறிப்பது. அதுதான் அர்த்தமாம். அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

“எம்புள்ளய நான் பாக்க வேணாமாண்ணே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நான் தமிழே பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை மனைவி வீடியோவில் வந்தாள். அங்கே உங்களுக்கென்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வேறு பெயரே வாயில் வரவில்லை. செல்வம் அண்ணன் இருக்கிறார் என்றேன்.

“அப்ப அவருக்குப் பாப்பாவைக் காட்டுங்க.”

போனோடு போய் அவர் கதவைத் தட்டினேன். திறந்தவரிடம் ‘பாப்பாண்ணே’ என்று போனை நீட்டினேன். திரையில் என் மகள் கொட்டாவி விட்டாள்.