முதல் பந்தியில் ஒரு இலை

"…சிங்கம் வேண்டாம், ரோஜாப்பூ வேண்டாம், கைகூப்பி நிக்கிற தலைவர் யாரும் வேண்டாம். எங்க அக்கா பாத்ததும் சுருக்குன்னு இருக்கணும் அண்ணாச்சி. ஆனா வலிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு எழுதிக் குடுங்க."

மும்பை தாராவியில் உள்ள எங்கள் பேனர் கடைக்குள் பேசிக்கொண்டேதான் நுழைந்தார் அந்த அம்மா. முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர். அடுத்த சந்தில் வீடு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதுதான் வந்திருந்த கட்டிங் சாயில், அதாவது அரை கிளாஸ் டீயில், முதல் கிளாஸைத் தானே எடுத்துக்கொண்டார். எனக்கும் மெஷின் ஓட்டும் என் கூட்டாளிக்கும் மிச்சம்.

வசதி வந்து செம்பூர் அடுக்குமாடிக்குக் குடிபோன அக்காவின் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பேனர் கட்டவேண்டும். மாமன் ஒன்று, சித்தப்பன் ஒன்று, மாப்பிள்ளையின் கிரிக்கெட் கூட்டம் ஒன்று. மணமக்கள் முகமே தெரியாத அளவுக்கு வாழ்த்துகிறவர்கள் முகம் தெரியும். பேனர் இல்லாத உறவை, ஏதோ கோபம் போல என்று ஊரே பேசும். இந்த அம்மாவுக்கோ நிஜமாகவே கோபம். அக்காவோடு பேச்சு நின்று சில வருஷம் ஆகிவிட்டது.

"புது வீட்டுல பால் காய்ச்சுனா. நான் பந்தியில இலைக்கு முன்னாடி உக்காந்துட்டேன். கையைப் பிடிச்சு எழுப்பி விட்டுட்டா அண்ணாச்சி! 'எந்திரி, நீ அப்புறம் சாப்பிடலாம்'னு. பில்டிங்காரங்க அத்தனை பேரும் உக்காந்திருக்காங்க, நான் மட்டும் நிக்கேன். அவ செம்பூருக்குப் போனதும் நான் ரெண்டாம் பந்தி ஆயிட்டேன்."

"சாப்பிடாமலே வந்துட்டீங்களா?"

"செருப்பு கெடைக்க நேரமாச்சு. இல்லேன்னா இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்."

இப்போது பத்திரிகை வைக்க அத்தான் மட்டும் தட்டோடு வீட்டுக்கு வந்தாராம். அக்கா இறங்கவே இல்லை. "ரோட்டுல ஆட்டோவுலயே உக்காந்திருந்தா. மீட்டர் ஓடுதாம்."

போகாமல் இருக்க இவரால் முடியாது. மணப்பெண் இவர் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. அழைக்காத இடத்துக்குப் போய் நிற்பது போல நிற்கவும் முடியாது. ஆகவே, 'வருகிறேன், ஆனால் இறங்கி வரவில்லை' என்று அந்த பேனர் சொல்லவேண்டும். அதுவும் அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஊர் முழுக்கப் படிக்கிற எழுத்தில்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சத் தமிழைப் பேனர் அடித்தே கற்றுக்கொண்டேன். இன்று சின்னப் பத்திரிகைகளில் ஏதோ எழுதுகிறேன் என்றால், அதற்கும் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து பேசியவர்கள்தான் காரணம். மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி பேரனின் பூணூலுக்கு பேனர் கேட்டு வந்தார். "ரொம்பக் கத்தாம இருக்கட்டும்" என்றார். பேனர் கத்தும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்பர்நாத்திலிருந்து ஒரு பெண், கணவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தார். போட்டோவைக் கொடுத்துவிட்டு, "இனிமே ராத்திரி பூட்டை யாரு இழுத்துப் பாப்பா?" என்றார். 'ஆறாத் துயரில் ஆழ்த்தி' என்று நான் அடித்துக் கொடுத்ததில் அந்த ஆள் இல்லை. அந்தப் பூட்டில் இருந்தார். அன்றிலிருந்து எனக்கு வருத்தம் என்றால் வருத்தம் என்ற சொல் அல்ல, பூட்டுதான்.

சரி, கைக்கு வந்த வேலையைப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டரில் முதல் வரியை அடித்தேன். என் கூட்டாளி மும்பையிலேயே பிறந்தவர்; அண்ணனை இந்தியில் 'பாய்' என்பார், அண்ணியை 'பாபி' என்பார். தமிழ் தண்ணீராகப் பேசுவார், படிப்பதென்றால் இந்திதான். அதனால் எதை அடித்தாலும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். மெஷினில் அவர் கை நின்றால் வரி தேறியது என்று அர்த்தம்.

"பாசத்தின் இமயமே! பண்பின் சிகரமே!"

கை நிற்கவில்லை. "எலெக்‌ஷன் வந்துருச்சா பாய்?" என்றார்.

அந்த அம்மாவும் விடவில்லை. "எங்க அக்கா மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குவா. அவளப் போயி இமயம்கிறீங்களே."

அடுத்து அடக்கமாக ஒன்று அடித்தேன். "மணமக்களை வாழ்த்தும் சித்தி குடும்பத்தினர்."

"இதுக்கு நான் எதுக்கு? எந்தச் சித்தி வேணும்னாலும் கட்டிக்கலாமே."

நியாயமான பேச்சு. எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைச் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளலாம். நான் கீபோர்டை விட்டுக் கையை எடுத்துவிட்டு, "இப்ப உங்க அக்கா இந்த வாசல்ல வந்து நிக்காங்கன்னு வைங்க. என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"பேச மாட்டேன்."

"சரி, பேசாம என்ன சொல்வீங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். நிஜமாகவே அங்கே யாரோ நிற்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சுவரிடம் சொன்னார்: "அக்கா, இந்தத் தடவையாவது மொதப் பந்தியில எனக்கு ஒரு இலை போட்டு வை."

கூட்டாளியின் கை நின்றது.

சொன்னதைச் சொன்னபடியே அடித்தேன். அழகு பண்ணிப் பார்க்க எனக்கும் ஆசைதான். 'அன்புள்ள' என்று முன்னால் சேர்த்துப் பார்த்தேன், வரி சட்டென்று யாரோ ஆபீஸருக்குப் போகிற மனுவாக மாறிவிட்டது. எடுத்துவிட்டேன். பழைய கோபம் அதில் இருந்தது, கேலி இருந்தது, வருகிறேன் என்பதும் இருந்தது. அன்று சாப்பிடாமல் போன பசிகூட இருந்தது. அன்பு என்ற சொல் மட்டும் இல்லை. அது இருந்திருந்தால் மற்றதெல்லாம் ஓடிப்போயிருக்கும்.

"பாபி, பிரிண்ட் போடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து அனுப்பிப் பாருங்க" என்றார் கூட்டாளி. "அங்க சண்டையாச்சுன்னா துணியும் வேஸ்ட், மையும் வேஸ்ட்."

அனுப்புவதற்கு முதலில் அக்காவின் நம்பரை பிளாக்கிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது. அதையும் கூட்டாளியே செய்து கொடுத்தார். அந்த அம்மா கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்தார், சரியில்லை என்று இன்னொன்று எடுத்தார், அனுப்பினார். உடனே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மின்விசிறி ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டார். முறுக்கு மாவு விலையைப் பற்றிப் பேசினார். நடுவில் போனை நிமிர்த்திப் பார்த்தார். நீல டிக் விழுந்திருந்தது. மறுபடி கவிழ்த்தார்.

"பாத்துட்டா. பதில் வராது. கல்யாணத்துக்கும் நான் போகப் போறதில்ல. விடுங்க."

சொல்லி முடிக்குமுன் போன் சிணுங்கியது. வாய்ஸ் மெசேஜ். அக்காவுக்கும் தமிழில் டைப் அடிக்க வராதாம். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். கடை முழுக்கக் கேட்டது.

"ஏட்டி, கூறுகெட்டவளே! மொதப் பந்தியில உனக்கு இலை கேக்கியா? மொதப் பந்தி விருந்தாளிக்குல்லா? நீயும் நானும் பரிமாறிட்டுக் கடைசியா ஒண்ணா உக்காரணும்னுதான அன்னைக்கு உன்ன எழுப்புனேன். நீ பாட்டுக்குச் செருப்ப மாட்டிட்டுப் போயிட்ட. ரெண்டு இலை போட்டு வச்சிக்கிட்டு நான் தனியா உக்காந்திருந்தேன். இந்தத் தடவையும் உனக்குக் கடைசிப் பந்திதான். சாம்பார் வாளி நீ தூக்கு, எனக்கு முட்டி வலிக்கி. வெளங்குச்சா?"

எத்தனையோ பேனர் அடித்திருக்கிறேன். 'நீ என் வீட்டு ஆள்' என்பதை இப்படித் திட்டிச் சொன்ன ஒரு வரிகூட என் கையால் அடித்ததில்லை.

அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து எங்கள் சாய்வாலா அடுத்த சாயைக் கம்பிக் கூடையில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

"பாபி, அப்ப பேனர் கேன்சலா?" என்று கேட்டார் கூட்டாளி.

அந்த அம்மா எழுந்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கூடையிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினார், அடுத்ததைக் கூட்டாளியிடம் கொடுத்தார். நாங்கள் ஒரு வாய் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைசியாக இருந்ததை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.